எட்டு கிராம் பல்லிக்கு ஒரு சூடான தரை

எங்கள் வளர்ப்புப் பல்லிக்கு இரையாக இரவு ஐந்து கிரிக்கெட் பூச்சிகளைத் தொட்டிக்குள் விட்டிருந்தேன். காலையில் எழுந்து பார்த்தால் ஐந்தும் உயிரோடு இருந்தன. ஒன்று தண்ணீர்க் கிண்ணத்தின் விளிம்பில் உட்கார்ந்து மீசையை ஆட்டிக்கொண்டிருந்தது. பல்லி பொந்துக்குள் சுருண்டு கிடந்தது. வீட்டுக்கு வந்து எட்டாவது நாள். 0.1 கிராம் வரை காட்டும் சின்னத் தராசில் டப்பாவோடு வைத்து நிறுத்தேன். டப்பா போக 7.4. வந்த அன்று 8.1.

எட்டு கிராம் உடம்பில் முக்கால் கிராம் குறைவது சின்ன விஷயமில்லை. அறுபது கிலோ மனிதர் ஒரு வாரத்தில் ஐந்து கிலோ இளைத்தால் எப்படியோ அப்படி. அன்று வேலைக்குப் போகும் வழியெல்லாம் அந்த எண்தான் மனதில் ஓடியது.

நாங்கள் இருப்பது கனடாவில், மிசிசாகாவில் ஓர் அடுக்குமாடி வீடு. மகளுக்குப் பத்து வயது. ஒரு வருடம் விடாமல் கேட்டாள். படித்துப் பார்த்து, இதை ஒழுங்காக வளர்க்க முடியும் என்று நம்பிக்கை வந்த பிறகுதான் நவம்பர் கடைசியில் வாங்கினோம். வீட்டிலேயே குஞ்சு பொரிக்க வைத்து விற்கும் ஒருவரிடம் வாங்கிய, ஆறு வாரக் குட்டி. லெப்பர்ட் கெக்கோ, தமிழில் சிறுத்தைப் பல்லி என்று சொல்லலாம். ஆப்கானிஸ்தான், பாகிஸ்தான், வடமேற்கு இந்தியா பக்கத்து வறண்ட கல்லுக்காடுகள்தான் அதன் சொந்த இடம். நம் வீட்டுச் சுவர்ப் பல்லிக்கு இமை கிடையாது, கண்ணை நாக்கால் நக்கித்தான் துடைத்துக்கொள்ளும். இதற்கு இமை உண்டு, தூங்கும்போது மூடிக்கொள்ளும். விரலில் ஒட்டும் பட்டைகள் இல்லை, வெறும் நகம்தான். அதனால் கண்ணாடியில் ஏறாது, தரையில்தான் வாழும். இந்த ஒரு வரி நன்றாக மனதில் பதிந்திருந்தால் முதல் வாரத்துப் பாடு எனக்கு வந்திருக்காது.

பெயர்தான் சிறுத்தை, குட்டியாக இருக்கும்போது புள்ளியே கிடையாது. மஞ்சளும் கறுப்புமாகப் பட்டை பட்டையாக இருக்கும். வளர வளரப் பட்டை உடைந்து புள்ளியாகும். மகள் அந்தப் பட்டைகளைப் பார்த்து "வரி" என்று பெயர் வைத்தாள். ஆணா பெண்ணா என்று இந்த வயதில் சொல்ல முடியாது. முட்டை எந்தச் சூட்டில் பொரிந்தது என்பதைப் பொறுத்துத்தான் அது அமையும், 27 டிகிரி பக்கம் என்றால் பெரும்பாலும் பெண், 32, 33 டிகிரி பக்கம் என்றால் பெரும்பாலும் ஆண். திருநெல்வேலியிலிருந்து அம்மா போனில் கேட்டது ஒரே கேள்விதான்: "அது சொல்லுமாய்யா?" சொல்லாது. ஆனால் முதல் நாள் டப்பாவிலிருந்து எடுக்கப் போனபோது உடம்பை வில்லாக வளைத்து, வாயைத் திறந்து, கதவுக் கீல் கிறீச்சிடுவது போல ஒரு கத்தல் கத்தியது. அவ்வளவு சின்ன உடம்புக்குள் அவ்வளவு பயம். முதல் இரண்டு நாள் அதைத் தொடக்கூடாது, சாப்பாடும் போடாமல் விட்டுவிடலாம் என்று அதைப் பார்த்துத்தான் முடிவு செய்தோம்.

ஒரு விஷயம் இங்கேயே சொல்லிவிடுகிறேன். எந்த ஊரில் இருந்தாலும் சட்டத்தைப் பார்த்துவிட்டு ஆசைப்படுங்கள். சிங்கப்பூரில் வீட்டில் கெக்கோ வளர்க்க அனுமதியே இல்லை. காட்டிலிருந்து பிடித்ததை எந்த நாட்டிலும் வாங்காதீர்கள்.

முதலில் தொட்டி எப்படி இருந்தது

10 கேலன் கண்ணாடித் தொட்டி. 20 அங்குல நீளம், 10 அகலம், 12 உயரம், மேலே வலை மூடி. வலது பக்கம் மூன்றில் ஒரு பங்குத் தரைக்கு அடியில் 8 வாட் ஹீட் மேட், அதாவது மின்சாரத்தில் சூடாகும் தட்டையான விரிப்பு, ஒட்டினேன். அதை ஒரு தெர்மோஸ்டாட்டில் (வைத்த சூட்டைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளும் கருவி) இணைத்து, சென்சர் கம்பியின் நுனியை மேட்டுக்கும் கண்ணாடிக்கும் நடுவில் செருகி, 32 டிகிரி வைத்தேன். உள்ளே தரையில் பேப்பர் டவலை மூன்று மடிப்பாகப் போட்டேன். சூடான பக்கம் ஒரு பொந்து, குளிர்ந்த பக்கம் ஒரு பொந்து, இரண்டுமே தயிர் டப்பாவைக் கவிழ்த்து வாசல் வெட்டி, விளிம்பை உப்புத்தாளால் தேய்த்து வழவழப்பாக்கியவை. நடுவில், தோலுரிக்க உதவும் ஈரப்பொந்து. கண்ணாடியில் ஒட்டும் வட்ட வடிவ தெர்மாமீட்டர் ஒன்று, 24 காட்டிக்கொண்டிருந்தது.

மணல் போடவில்லை. கால்சியம் மணல் என்று பாக்கெட்டில் அழகழகான நிறங்களில் விற்கிறார்கள். குட்டிப் பல்லி பூச்சியைக் கொத்தும்போது மணலும் சேர்ந்து போகும். கால்சியம் குறைவான குட்டி அதை வேண்டுமென்றே நக்கித் தின்னும். குடலில் சேர்ந்து கட்டியாகி அடைத்துக்கொண்டால் உயிருக்கே ஆபத்து. பேப்பர் டவல் பார்க்க அழகில்லைதான். ஆனால் கழிவு எப்படி இருக்கிறது, தின்றதை வெளியே தள்ளியிருக்கிறதா என்று தினமும் தெரிகிறது. எங்களுக்கு அதுதான் முதல் துப்பு கொடுத்தது.

மூன்றாம் நாள் இரவு நாலு பூச்சி தின்றது. மகளுக்குக் கால் தரையில் நிற்கவில்லை. ஐந்தாம் நாள் காலை பேப்பர் டவல் மேல் ஈரமாக, காலும் மீசையும் அப்படியே தெரிய, பாதிகூடச் செரிக்காத ஒரு பூச்சி கிடந்தது. கக்கியிருக்கிறது. அப்புறம்தான் எதையும் தொடாமல் போனது.

எட்டாம் நாள் மாலை, ஊர்வன பார்க்கும் கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோனோம். கழிவை நுண்ணோக்கியில் பார்த்து ஒட்டுண்ணி எதுவும் இல்லை என்றார். பிறகு தரை என்ன சூடு என்று கேட்டார். தெர்மோஸ்டாட்டில் 32 வைத்திருக்கிறேன் என்றேன். அது மேட்டின் சூடு, பல்லி வயிற்றை வைத்துப் படுக்கும் இடத்தில் எவ்வளவு என்றார். என்னிடம் பதில் இல்லை.

அன்றிரவே அகச்சிவப்பு வெப்பமானி, அந்தத் துப்பாக்கி மாதிரி இருக்குமே, அதை வாங்கி வந்து பதினோரு மணிக்குப் பொந்தைத் தூக்கிக் குறி வைத்தேன். 25.8. குளிர்ந்த பக்கம் 19. கண்ணாடிக்கு அடியில் மேட்டின் பரப்பு மட்டும் சரியாக 32.

காரணம் அப்போது பளிச்சென்று புரிந்தது. சென்சர் மேட்டைத் தொட்டுக்கொண்டிருக்கிறது. மேட் 32-ஐ எட்டியதும் தெர்மோஸ்டாட் தன் வேலை முடிந்தது என்று மின்சாரத்தை நிறுத்திவிடுகிறது. அந்தச் சூடு கண்ணாடியைத் தாண்டி, மூன்று மடிப்புப் பேப்பரைத் தாண்டி மேலே வருவதற்குள் ஆறு டிகிரி போய்விடுகிறது. போதாக்குறைக்குத் தொட்டி ஜன்னலை ஒட்டி இருந்தது. இரவில் வீட்டு ஹீட்டரை 18-க்கு இறக்கிவிட்டுத் தூங்குவது எங்கள் வழக்கம். ஹீட் மேட் தரையைத்தான் சூடாக்கும், காற்றை அல்ல.

பல்லிக்கு நம்மைப் போல உடம்புக்குள் அடுப்பு இல்லை. அதன் சொந்த ஊரில் பகலெல்லாம் வெயிலில் காய்ந்த பாறைக்கு அடியில் ஒடுங்கிக் கிடக்கும். பொழுது சாய்ந்ததும் வெளியே வரும், அப்போதும் கல் சுடும். அந்தச் சூட்டை வயிற்றில் வாங்கித்தான் தின்றதைச் செரிக்கிறது. வயிறு குளிர்ந்தால் பூச்சி உள்ளேயே கெட்டுப்போகும். ஒன்று கக்க வேண்டும், இல்லை அடுத்ததைத் தின்னாமல் இருக்க வேண்டும். வரி இரண்டையும் செய்தது. சாப்பாட்டுப் பிரச்சினை என்று நான்கு நாள் பூச்சியின் அளவை மாற்றிக்கொண்டிருந்தேன். பிரச்சினை தரையில் இருந்தது.

தரையைச் சரிசெய்தது

முதலில் தொட்டியை ஜன்னலிலிருந்து எடுத்து உள்சுவர்ப் பக்கம் வைத்தேன். மூலைகளுக்கு அடியில் ரப்பர்க் கால் வைத்து மேசையிலிருந்து ஒரு சென்டிமீட்டர் தூக்கினேன். மேட்டுக்கு அடியில் காற்றுப் போக வழி இல்லாவிட்டால் சூடு அங்கேயே தேங்கிக் கண்ணாடி விரிசல் விடும்.

பேப்பர் மடிப்புகளை எடுத்துவிட்டு, குளியலறை வேலையில் மிஞ்சிய தரை ஓடு (டைல்) ஒன்றை, 15 சென்டிமீட்டர் சதுரம், மேட்டுக்கு நேர் மேலே தரையில் பதித்தேன். ஓடு சூட்டை வாங்கி வைத்துக்கொள்ளும், பாறையைப் போல. ஓட்டின் விளிம்பைச் சுற்றி மீன்தொட்டி சிலிக்கோனால் அடைத்தேன், பல்லி அடியில் புகுந்தால் வெந்துவிடும். சிலிக்கோன் காய்ந்து வாடை போகும்வரை இரண்டு நாள் வரி ஒரு பிளாஸ்டிக் பெட்டியில், தெர்மோஸ்டாட் போட்ட இரவல் மேட் மேல் இருந்தது. ஓட்டின் மேல் பேப்பர் டவல் ஒரே ஓர் அடுக்கு. சூடான பொந்து அதன் மேல். சென்சரின் நுனியை இப்போது பொந்துக்குள், பல்லி படுக்கும் இடத்திலேயே வைத்தேன்.

அந்த சென்சரை நிறுத்தி வைப்பதில்தான் பெரிய தவறு செய்தேன். செலோ டேப் போட்டு ஒட்டினேன். மறுநாள் மாலை மகள் கத்தினாள். டேப்பின் ஓர் ஓரம் பிரிந்து வரியின் விலாவில் ஒட்டிக்கொண்டிருந்தது. அது இழுக்க இழுக்கத் தோல் கூடாரம் போல எழும்பியது. குட்டியின் தோல் வெங்காயச் சருகு மாதிரி, இழுத்தால் கிழியும். டேப்பை ஓட்டிலிருந்து கத்தரித்து, பல்லியை உள்ளங்கையில் வைத்து, காது குடையும் பஞ்சுக்குச்சியில் ஆலிவ் எண்ணெய் தொட்டு டேப்பின் விளிம்பில் தடவினேன். தேங்காய் எண்ணெய் இந்த ஊர்க் குளிருக்குக் கட்டியாக இருந்தது, அதற்கு நேரமில்லை. எண்ணெய் ஊற ஊற, ஒரு மில்லிமீட்டர், ஒரு மில்லிமீட்டராக விட்டது. இருபது நிமிடம். மகள் பக்கத்தில் மூச்சுவிடாமல் நின்றாள். கடைசி ஓரம் விட்டபோது அது என் கட்டைவிரலில் தாடையை வைத்துக் கண்ணை மூடியிருந்தது. தோல் சிவந்திருந்தது, கிழியவில்லை.

தொட்டிக்குள் எந்த டேப்பும் வேண்டாம். நான் அப்புறம் பசைத் துப்பாக்கியால் சென்சர் கம்பியைச் சுவரோடு மூன்று இடத்தில் ஒட்டி, ஆறிய பிறகு நன்றாக இழுத்துப் பார்த்தேன். இழுத்துப் பார்ப்பது முக்கியம். சென்சர் நகர்ந்து குளிர்ந்த இடத்தில் கிடந்தால், தரை இன்னும் சூடாகவில்லை என்று நினைத்து தெர்மோஸ்டாட் மேட்டை ஓடவிட்டுக்கொண்டே இருக்கும். தெர்மோஸ்டாட் இல்லாத மேட்டும் அப்படித்தான், வயிற்றைப் பொசுக்கிவிடும்.

பின்புறமும் இரண்டு பக்கமும் ஓர் அங்குலத் தெர்மோகோல் பலகையை வெளியிலிருந்து வைத்தேன். வட்ட தெர்மாமீட்டரைத் தூக்கிப் போட்டுவிட்டு, சென்சர் வைத்த டிஜிட்டல் ஒன்றைக் குளிர்ந்த பக்கத்தில் வைத்தேன். அன்றிரவு பதினோரு மணிக்கு ஓட்டின் மேல் 32.1, குளிர்ந்த பக்கம் 21.5. பல்லி தானே போய்ச் சூட்டையும் குளிர்ச்சியையும் தேர்ந்துகொள்ள இந்த வித்தியாசம் வேண்டும், தொட்டி முழுக்க ஒரே சூடாக இருந்தாலும் தப்புதான்.

பன்னிரண்டு மணிவாக்கில் வரி வெளியே வந்தது. ஓட்டின் ஓரத்தில் நின்று தரையை நக்கிப் பார்த்தது. பிறகு நாலு காலையும் பரப்பி, வயிற்றைத் தட்டையாக அழுத்தி, தோசை ஊற்றியது போலப் படுத்துக்கொண்டது. நானும் அரைமணி நேரம் அங்கேயே உட்கார்ந்திருந்தேன்.

என்ன, எவ்வளவு, எப்படி

கக்கிய பல்லிக்கு உடனே வயிறு நிறையப் போடக்கூடாது. மருத்துவர் சொன்னபடி சில நாள் தண்ணீர் மட்டும் வைத்து, பிறகு மிகச் சின்னப் பூச்சி இரண்டு போட்டேன். தின்றது, கக்கவில்லை. மறுநாள் மூன்று. ஒரு வாரத்தில் ஆறுக்கு வந்துவிட்டோம்.

கிரிக்கெட் பூச்சி என்பது நம் ஊர்ச் சுவர்க்கோழியின் சொந்தக்காரன். பல்லியின் இரண்டு கண்ணுக்கும் நடுவில் உள்ள இடைவெளியை விடப் பெரிய பூச்சி கூடாது. ஆறு வாரக் குட்டிக்கு அது கால் அங்குலப் பூச்சி. சின்ன அளவு வாங்குவதில் இன்னொரு வசதி, அவை பாடாது. வளர்ந்த ஆண் பூச்சிதான் இரவெல்லாம் சத்தம் போடும். குட்டிக்குத் தினமும் சாப்பாடு, பெரிதானதும் வாரத்தில் இரண்டு மூன்று நாள் போதும். பல்லி முழுக்க முழுக்கப் பூச்சி தின்னி. பழம், கீரை, சோறு எதுவும் அதற்கு வேண்டாம்.

ஆனால் பூச்சிக்குக் கீரை வேண்டும். இதை நான் ரொம்ப வலியுறுத்துவேன். கடையிலிருந்து வந்த பூச்சி பெரும்பாலும் பட்டினி கிடந்தது, உள்ளே ஒன்றும் இல்லாத கூடு. ஒரு நாளாவது கேரட், சர்க்கரைவள்ளிக் கிழங்கு, கீரைத் தண்டு போட்டு வளர்த்த பிறகுதான் அது உணவு. முட்டை அட்டையை நிறுத்தி வைத்த பெட்டியில் வளர்க்கிறேன். தண்ணீர்க் கிண்ணம் வைத்தால் அதிலேயே விழுந்து சாகும், கேரட்டின் ஈரமே போதும். செத்ததைத் தினமும் பொறுக்காவிட்டால் நாற்றம் வரும்.

அடுத்தது கால்சியம். பூச்சி உடம்பில் பாஸ்பரஸ் அதிகம், கால்சியம் மிகக் குறைவு. பல்லிக்கு வேண்டியது தலைகீழ், கால்சியம் இரண்டு பங்குக்குப் பாஸ்பரஸ் ஒரு பங்கு. இந்தக் குறையைச் சரிசெய்யாமல் வளர்த்தால் உடம்பு எலும்பிலிருந்து கால்சியத்தை எடுத்துக்கொள்ளும். தாடை ரப்பர் போல வளையும், கால் வில்லாகும், நடுக்கம் வரும். வளரும் குட்டிக்கு இது சீக்கிரம் வந்துவிடும். அதனால் பூச்சிகளை ஒரு பையில் போட்டு ஒரு சிட்டிகை கால்சியம் பொடி சேர்த்து மெல்லக் குலுக்குகிறேன். திருநீறு பூசினது போல வெள்ளையாக வெளியே வரும். அந்தச் சத்து உடம்பில் சேர விட்டமின் டி3 வேண்டும். புற ஊதா ஒளி பட்டால் உடம்பே அதைச் செய்துகொள்ளும், எங்களிடம் அப்போது புற ஊதா விளக்கு இல்லாததால் டி3 கலந்த பொடி வாங்கினேன். வாரத்துக்கு ஒருமுறை மட்டும் பல்வகை விட்டமின் பொடி. பிப்ரவரியில் நிழல்வாழ் ஊர்வனவற்றுக்கான மெல்லிய புற ஊதா விளக்கு ஒன்றைப் பொருத்திய பிறகு, மருத்துவரைக் கேட்டு டி3-ஐக் குறைத்தோம்.

சாப்பாட்டு நேரம் இரவு எட்டரை. கால் மணி நேரம் கழித்து மிச்சத்தைப் பிடித்து வெளியே எடுத்துவிடுவேன். முதல் வாரம் இரவு முழுக்க விட்டது பிழை, பசித்த பூச்சி தூங்கும் பல்லியையே கடிக்கும். வரி வேட்டையாடுவதை ஒருமுறை அருகில் இருந்து பார்க்க வேண்டும். தலை தாழும். ஒவ்வொரு காலாகத் தூக்கி, வைத்து, தூக்கி, வைத்து முன்னேறும். நின்றுவிடும். அப்போது வால் நுனி மட்டும் தனியாக நெளியும், விறுவிறுவென்று, ஏதோ அதற்குத் தனியாக உயிர் இருப்பது போல. அது நெளிவது நின்ற நொடியில் பூச்சி வாய்க்குள் இருக்கும். தின்று முடித்து நாக்கால் உதட்டை ஒரு சுற்றுச் சுற்றும்.

வேறு பூச்சியும் மாற்றி மாற்றிக் கொடுக்கிறோம். மாவுப்புழு வழவழப்பான கிண்ணத்தில், ஏற முடியாதபடி. கறுப்புப் படைவீரன் ஈயின் புழுவில் இயல்பாகவே கால்சியம் அதிகம். மெழுகுப்புழு முழுக்கக் கொழுப்பு, மாதம் ஒன்றிரண்டு போதும், பழக்கினால் மற்றதைத் தொடாது. கோடையில் இங்கே புல்வெளியெல்லாம் மின்மினி பறக்கும். அதில் ஒன்றே ஒன்று தாடிப்பல்லி போன்ற வளர்ப்புப் பல்லிகளைக் கொன்றுவிடும், அவ்வளவு நஞ்சு. வெளியே பிடித்த எந்தப் பூச்சியும் வேண்டாம் என்று மகளுக்கு இப்போதே சொல்லி வைத்திருக்கிறேன்.

தோலும் ஈரமும்

குளிர்காலத்தில் ஹீட்டர் ஓடும் வீட்டுக் காற்று எலும்பு போல வறண்டுவிடும். குட்டி இரண்டு வாரத்துக்கு ஒருமுறையாவது தோலுரிக்கும். அதற்காகத்தான் ஈரப்பொந்து: மூடியுள்ள டப்பா, பக்கத்தில் நாலு சென்டிமீட்டர் துளை, உள்ளே நனைத்துப் பிழிந்த பாசி. சூடான பக்கத்தை ஒட்டி வைத்தால் உள்ளே வெதுவெதுப்பான ஈரம் நிற்கும். உரிக்கும் நாளன்று உடம்பு முழுக்க சாம்பல் பூத்தது போல வெளுக்கும். மூக்கைக் கல்லில் தேய்த்துக் கிழித்து, வாயால் கையுறை கழற்றுவது போல இழுத்து, அந்தத் தோலைத் தானே தின்றுவிடும்.

ஜனவரியில் ஒருமுறை பாசி காய்ந்ததை நான் கவனிக்கவில்லை. பின்னங்கால் விரல் ஒன்றில் தோல் வளையமாகத் தங்கிவிட்டது. அது இறுகினால் ரத்தம் போகாமல் விரலே உதிரும். வெதுவெதுப்பான தண்ணீர் விரல் நனையும் அளவுக்கு மட்டும் ஊற்றி, அதில் பத்து நிமிடம் நிற்கவைத்து, ஈரப் பஞ்சுக்குச்சியால் நுனிப் பக்கமாக உருட்டினேன். வந்துவிட்டது. இப்போது காலையில் பல் தேய்க்கும் முன் பாசியைத் தொட்டுப் பார்ப்பது மகளின் வேலை. தொட்ட பிறகு சோப்புப் போட்டுக் கை கழுவுவதும் அதில் சேர்த்தி, ஊர்வனவற்றின் உடம்பில் சால்மொனெல்லா கிருமி இருக்கும். தொட்டிச் சாமான் எதையும் சமையலறைத் தொட்டியில் கழுவுவதில்லை.

எடை நோட்டில் இருந்து: டிசம்பர் நடுவில் 8.0. டிசம்பர் கடைசியில் 10.3. ஜனவரி முடிவில் 17.6. மார்ச் இரண்டாம் வாரம் 29.2. வால் இப்போது நடுவில் உருண்டு கொழுத்திருக்கிறது, கொழுப்பு சேமிக்கும் இடம் அதுதான்.

அடுத்த தொட்டியை அளந்துவிட்டேன், 36 அங்குல நீளம், 18 அகலம். ஓடு வெட்டி வைத்திருக்கிறேன், இந்த முறை சென்சர் கம்பிக்குப் பின்சுவரில் தனித் துளை. நேற்று இரவு எடை பார்க்கும்போது கழுத்துக்குப் பின்னால் இருக்கும் முதல் பட்டையின் ஓரம் உடைந்து, கடுகு அளவில் மூன்று புள்ளிகள் தனியாகப் பிரிந்திருந்தன. மகள் பூதக்கண்ணாடியை எடுத்து வந்து எண்ணினாள். மூன்று இல்லையாம், நாலாம்.